கட்டுதலும் கருணையும்: மூட்டு அறுவைக்குப் பின் நாயைப் பேணும் முறை

கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் ஆகிய ஐந்தும் கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் என்பதைப் பாடசாலையில் பாலபாடம் கேட்ட சிறுவரும் அறிவர். இவ்வைந்தும் நம்மை அண்டி வாழும் உயிர்களை நோக்கியே பெரிதும் சொல்லப்பட்டவை. உழவு மாடும் வண்டி மாடும் வீட்டில் இருந்த காலத்தில் இவற்றின் பொருளை ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று பிழைப்பை நாடித் திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கங்களில் வாழும் நம் குடும்பங்களில் மாடு அரிது; நாயே மிகுதி. வீட்டில் பிள்ளைகள் விரும்பி வளர்க்கும் லாப்ரடாரும் பொமரேனியனும் ஒருபுறம். பனியன் கம்பெனி வாயிலில் காவலாளியின் சோற்றுப் பங்கை உண்டு வளரும் நாட்டு நாய் மறுபுறம்.

இந்நாய்க்கு மூட்டில் அறுவை நேர்ந்தால் மருத்துவர் சொல்லும் முதல் இரண்டு கட்டளைகள் யாவை? எட்டு வாரம் கட்டி வையுங்கள் என்பது ஒன்று. உணவைக் குறையுங்கள் என்பது மற்றொன்று. அதிசாரம் ஐந்தனுள் இரண்டை மருத்துவரே விதிக்கின்றார். அறுவையோ, பார்வைக்கு மூன்றாவதாகவே தோன்றுகிறது. விரதம் பூண்ட இல்லறத்தார் சிலர் இங்கே தயங்குகின்றனர். அத்தயக்கம் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. நான்காம் வாரத்தில், நாய் அழுகிறதே என்று கயிற்றை அவிழ்த்துவிடும் செயலாக அது வெளிப்படுகிறது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஹிம்சையை வரையறுக்குமிடத்து உயிர்க்குத் துன்பம் நேர்ந்தது என்பதோடு நிற்பதில்லை. பிரமாதத்தால், அதாவது கவனமின்மையாலும் கஷாய வேகத்தாலும், நேர்ந்த துன்பம் என்று காரணத்தையும் சேர்த்தே உரைக்கிறது. அதிசாரங்களையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும். சினத்தாலும் சோம்பலாலும் பேராசையாலும் கட்டுவது அதிசாரம். ஒட்டிவரும் எலும்பு முறியாதிருக்க அளவறிந்து கட்டுவது அதுவன்று. இன்னும் சொன்னால், அறுவை முடிந்த நாயை அவிழ்த்துவிடுதலே பிரமாதம் என்பது எம் கருத்து. அதற்குக் காரணம் மூட்டின் அமைப்பிலேயே உள்ளது.

நாயின் பின்னங்கால் முழங்காலுக்குள் இரண்டு பிணைநார்கள் குறுக்காக அமைந்துள்ளன. முன்னுள்ள நார் அறுந்தால், அடி வைக்குந்தோறும் கீழெலும்பு முன்னோக்கி வழுக்குகிறது. பந்து விளையாடும் இளைஞருக்கு இந்நார் ஒரே திருப்பலில் அறுவதுண்டு. நாய்க்கோ பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நைந்து, பின் ஒருநாள் அறுகிறது. கீழெலும்பின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்திருப்பது இதற்கு ஒரு காரணம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பார்க்லே ஸ்லோக்கம் 1993இல் வெளியிட்ட முறையில், அவ்வெலும்பை வளைவாக அறுத்துச் சற்றே சுழற்றிச் சரிவைச் சமனாக்கித் தகடும் திருகாணியும் வைத்து இறுக்குகின்றனர். சிறிய நாய்களுக்கு மூட்டின் வெளிப்புறத்தே உறுதியான நைலான் இழையால் பிணைப்பதும் வழக்கம். பொமரேனியன் போன்ற குறுநாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவுவது மிகுதி. அதற்குச் சில்லு தங்கும் பள்ளத்தை ஆழப்படுத்துவர். இம்மூன்றிலும் எலும்போ, இழையைச் சூழ்ந்து வளரும் தசைத்தழும்போ உறுதிபெற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். நாய்க்கு வலி நீங்குவதோ பத்தே நாளில். வலி நீங்கிய நாளுக்கும் எலும்பு ஒட்டும் நாளுக்கும் இடையிலுள்ள ஆறேழு வாரமே ஆபத்தான காலம்.

நான்காவது ஓர் அறுவை உண்டு. வேலை விடும் நேரத்தில் அவிநாசிச் சாலையிலோ தாராபுரம் சாலையிலோ டெம்போவில் அடிபட்ட நாய்க்கு இடுப்பு மூட்டு நழுவியோ, தொடையெலும்பின் கழுத்து ஒடிந்தோ போகிறது. அப்போது தொடையெலும்பின் உருண்டைத் தலையையே நீக்கிவிடுவர். அதன் பின் எலும்போடு எலும்பு சேரும் மூட்டு அங்கே இல்லை. தசையும் தழும்பும் சேர்ந்து ஒரு போலி மூட்டை உருவாக்குகின்றன. அது இளகி அமைவதற்கு நாய் சில நாட்களிலேயே மெல்ல நடக்கத் தொடங்க வேண்டும். இதில் வாரக்கணக்கில் அசையாது கட்டிவைத்தல் பெருந்தீங்கு; கால் விறைத்து, நாய் மூன்று காலோடே எஞ்சிய வாழ்நாளைக் கழிக்கும். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இது: ஐயா, இந்த அறுவையில் எலும்பு ஒட்ட வேண்டுமா, அன்றி மூட்டு இளக வேண்டுமா? விடையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நன்று. அண்டை வீட்டார் தம் நாய்க்குச் செய்ததைப் பார்த்து நாமும் செய்வது இங்கே உதவாது.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்வோம். ஆறு வயது லாப்ரடார். முழங்காலில் தகடு வைத்த அறுவை நன்கு நிறைவேறியது. கணவனும் மனைவியும் 'ஒன்றரை ஷிப்ட்' பார்த்து இரவு எட்டரைக்கு மேல் திரும்புபவர்கள். பகல் முழுதும் வீட்டில் இருந்தவர் எழுபது வயது கடந்த பாட்டியார். இருபத்தைந்தாம் நாள் மதியம் நாய் விடாது முனகியதைப் பொறாமல் கயிற்றை அவிழ்த்தார். தெருவில் பூனை ஓடிற்று. நாய் இரண்டு படி தாண்டிக் குதித்தது. திருகாணிகள் இளகி, எலும்பு நகர்ந்து, இரண்டாம் அறுவை வேண்டியதாயிற்று. பாட்டியாரைக் குறை சொல்வது எளிது, நியாயமன்று. ஏன் கட்டியிருக்கிறோம் என்பதை எவரும் அவருக்கு எடுத்துரைக்கவில்லை. பிறர் துயர் பொறாத அந்த உள்ளத்திற்குக் காரணம் தெரிந்திருந்தால், கயிற்றைக் காப்பவரும் அவரே ஆகியிருப்பார்.

இனிக் கட்டும் முறையைப் பார்ப்போம். குறுகிய சங்கிலியில் கழுத்தைப் பிணித்து மூலையில் போடுவது மருத்துவர் சொன்னதன்று. நியாயமற்ற குறுஞ்சங்கிலியில் நெடுநேரம் விலங்கைப் பிணிப்பதை 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகவே கொள்கிறது. நாய் தடையின்றி எழுந்து நிற்கவும், ஒருமுறை சுழலவும், நான்கு காலையும் நீட்டிப் படுக்கவும் இடமுள்ள கூண்டோ, மரச்சட்டத்தால் மறித்த அறை மூலையோ போதும். ஓடவும் தாவவும் மட்டும் இடமிருத்தல் ஆகாது. காற்றும் குடிநீரும் அங்கே என்றும் இருத்தல் வேண்டும். வீட்டார் புழங்கும் அறையிலேயே அதனை அமைத்தால் முனகல் பாதியாகக் குறையும். நாய் கூட்டமாக வாழும் இயல்பினது. அடைபட்டிருப்பதைக் காட்டிலும் தனித்திருப்பதே அதற்குப் பெருந்துன்பம். கட்டிலிலும் சோபாவிலும் ஏறித் தாவும் பழக்கமுள்ள நாயை வீட்டுக்குள் அவிழ்த்துவிடுவதும் தெருவில் விடுவதும் ஒன்றே.

தரை குறித்து ஒரு சொல். நம் வீடுகளில் மொசைக்கும் கிரானைட்டும் டைல்ஸும் வந்தபின் மூட்டு நோயுள்ள நாய்க்கு நடை பெரும் சோதனையாயிற்று. பின்கால் ஒருமுறை விரிந்து வழுக்கினால் அறுவையின் பயன் கெடும். நாய் நடக்கும் வழியெங்கும் தென்னைநார் மிதியடியோ ரப்பர் விரிப்போ போடுக. பவானி ஜமக்காளம் படுக்கைக்கு மிக நன்று. ஆனால் வழவழப்பான தரையில் தனியே விரித்தால் அதுவே வழுக்கும்.

துணிக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. எனினும் எத்துணி எதற்கு என்பதை அறிந்து கொள்ளல் வேண்டும். முதல் இரண்டு வாரம் நாய் எழுந்து நடக்கும்போது அடிவயிற்றின் கீழே துணி கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இதற்குப் பனியன் துணி ஆகாது. பின்னலாடை வளையம் வளையமாகப் பின்னப்படுவது. பாரம் ஏறினால் நீளும். நாயின் பின்பகுதி தொய்ந்து கால் தரையில் மோதும். ஊடும் பாவுமாய் நெய்த ஈரோட்டுத் துண்டே தக்கது. மாறாக, இடுப்பில் தையல் உள்ள நாய் அதனை நக்காதிருக்கப் பழைய பருத்திப் பனியன் போல் உதவுவது பிறிதில்லை. வால் செல்லும் வழியை வெட்டிவிட்டு உடலோடு பொருந்த அணிவிக்கலாம். முழங்கால் தையலுக்கு அது எட்டாது. கழுத்தைச் சுற்றும் பிளாஸ்டிக் புனலே வேண்டும். தையல் பிரிக்கும் பத்து முதல் பதினான்கு நாள் வரை அப்புனலைக் கழற்றலாகாது. ஓரிரவு நக்கினாலே தையல் பிரிந்து சீழ் பிடிக்கும்.

கூலிக்கு வீட்டில் நூல் பிசிர் வெட்டும் குடும்பங்கள் மற்றொன்றையும் கவனிக்க. படுக்கைக்கென்று வேஸ்ட் துணி மூட்டையை அப்படியே கொட்டுவது தீது. அடைபட்ட நாய் பொழுதுபோகாமல் எதையும் கடிக்கும். விழுங்கிய நீள்நூலும் எலாஸ்டிக்கும் குடலில் ஒருமுனை சிக்கிக்கொள்ள, குடல் சுருக்குப்பை போல மடிந்து அறுபடும். கால் அறுவைக்குப் பின் வயிற்று அறுவையும் வேண்டாமே.

வீடு திரும்பிய முதல் மூன்று நாள் வீக்கத்தைத் தணிக்க, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி மூட்டின்மேல் பத்து அல்லது பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று வேளை வைக்கலாம். பனிக்கட்டி தோலில் நேரே படலாகாது. வீக்கம் வடிந்தபின், பயிற்சிக்கு முன்னர் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். கொடுப்பவர் தம் முன்கையில் வைத்துப் பார்த்துச் சூடு தாங்குகிறதா என்று அறிந்தபின்னரே நாய்க்கு வைக்க வேண்டும். வாய்ச்சொல் இல்லாத உயிர் அன்றோ. மயக்கமருந்து கொடுத்த நாய் மூன்று நான்கு நாள் மலம் கழியாதிருப்பது இயல்பே. ஒருநாள் முழுதும் உணவு மறுத்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, வாந்தியும் கரிய மலமும் கண்டாலோ, ஊன்றத் தொடங்கிய காலைத் திடீரெனத் தூக்கிக்கொண்டாலோ அன்றே மருத்துவரிடம் செல்க.

மருத்துவர் இசைந்த பின் மூட்டை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தொடங்கலாம். நாயை நோயுற்ற கால் மேலிருக்கப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு கை மூட்டுக்கு மேலும் ஒரு கை கீழும் தாங்க, மெல்ல மடக்கி மெல்ல நீட்டுக. பத்துப் பதினைந்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும். நாய் தலையைத் திருப்பிக் கையைப் பார்த்தால் அதுவே எல்லை. முனகும் வரை அழுத்துவது பயிற்சியன்று. இந்நேரத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டா. அருகிருந்து தலையை வருடுவது அவர்கள் பங்காகட்டும். வலியில் எவ்வளவு அன்பான நாயும் கடிக்கும். கடித்தால் சோப்பும் ஓடுநீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் நாய்தானே என்று விடலாகாது.

நடைப்பயிற்சியே மறுவாழ்வின் உயிர்நாடி. முதல் இரண்டு வாரம் குட்டைக் கயிற்றில், மலசலம் கழிக்க ஐந்து நிமிடம். பின் மருத்துவர் சொற்படி வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். இங்கே பலரும் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. விரைந்து நடத்தினால் நாய் நோயுற்ற காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலால் துள்ளி ஓடிவிடும். பார்ப்பவர் நன்றாக ஓடுகிறதே என மகிழ்வர். மிக மெல்ல, ஓர் அடி பின் ஓர் அடியாக நடத்தினால்தான் நான்காம் காலையும் அது ஊன்றியாக வேண்டும். கடைத்தெருவில் பொருள் தேடுவார் நடப்பது போன்ற நடையே தக்கது. நிற்கும் நாயின் பாரத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குவதால், பின்காலை மறைத்து வாழ்வது அதற்கு எளிது. தொடைத்தசை மெலிவதை நாம் உணரும்போது காலம் கடந்திருக்கும். இரு தொடையையும் வாரம் ஒருமுறை அளவுநாடாவால் ஒரே இடத்தில் அளந்து குறித்துவைப்பது நன்று. அளவுநாடா இல்லாத வீடு திருப்பூரில் ஏது?

ஆறாம் வாரத்திற்குப் பின், மருத்துவர் இசைந்தால், துணி சுற்றிவரும் அட்டைக் குழாய்கள் நான்கைந்தை நாயின் உடல்நீள இடைவெளியில் தரையில் கிடத்தி, அவற்றைக் கடந்து மெல்ல நடக்கச் செய்யலாம். ஒவ்வொரு காலையும் எண்ணி எடுத்துவைக்க அது கற்றுக்கொள்ளும். உட்கார்ந்து எழும் பயிற்சியும் தொடைக்கு வலுவூட்டும். நீரில் நடத்தலும் நற்பயன் தரும். இடுப்பு மூட்டளவு நீரில் நிற்கும் நாயின் கால்கள் உடற்பாரத்தில் 38 விழுக்காட்டையே தாங்குகின்றன எனவும், முழங்காலளவு நீரில் 85 விழுக்காட்டைத் தாங்குகின்றன எனவும் அளந்து கண்டுள்ளனர். தையல் முற்றிலும் ஆறியபின், தோட்டத்துத் தொட்டியில் தூய நீர் நிரப்பி, ஒருவர் உடனிருந்து நடத்தலாம். நொய்யலில் இறக்குவது வேண்டா. சாயக்கழிவைச் சுத்திகரிக்காத ஆலைகளை மூட 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் நிலைக்கு வந்த ஆறு அது. புதுப்புண்ணுக்கு ஏற்ற நீரன்று.

மருந்தில் ஓர் எச்சரிக்கை. நம் வலிக்கு வாங்கிவைத்த ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வயிற்றில் குருதி கசியும், சிறுநீரகம் கெடும். மெலாக்சிகாம், கார்ப்ரோபென் போன்றவற்றையும் மருத்துவர் எழுதிய அளவில், உணவோடு மட்டுமே தர வேண்டும். (டைக்ளோபினாக் ஏற்றப்பட்ட மாடுகளின் உடலை உண்டு பிணந்தின்னிக் கழுகுகள் பெருந்தொகையாய் மடிந்தமையால், கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006இல் தடைசெய்யப்பட்டது. நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள கழுகுகளுக்கும் அத்தடை காப்பாயிற்று.) அந்திக்குப் பின் அடுப்பு மூட்டாத இல்லங்களில் இரவு மருந்துக்கு உணவு வேண்டுமே என்னும் இடர் எழும். பகலில் செய்த சோற்றில் ஒரு கவளம் எடுத்துவைத்தால் தீர்ந்தது. இரவுணவு நீத்தல் நாம் பூண்ட நியமம். நோயுற்ற நாய் அதனைப் பூணவில்லை.

மூட்டு வலுவுக்கென விற்கும் குளுக்கோசமின், காண்ட்ராய்டின் மாத்திரைகள் குறித்து வாசகர் அறிய வேண்டுவது உண்டு. குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், காண்ட்ராய்டின் மாடு, சுறா முதலியவற்றின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. இவற்றின் பயன் உறுதியாக நிறுவப்பட்டதன்று. ஆதலின் மனச்சான்று உறுத்த இவற்றை வாங்க வேண்டிய கட்டாயமில்லை. மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். வேண்டுமெனின் தானியத்தைப் புளிக்கவைத்து எடுக்கும் குளுக்கோசமினும் உண்டு.

உணவுக்கு வருவோம். அசைவு குறைந்த நாய் பழைய அளவே உண்டால் பருக்கும்; பருமன் நேரே மூட்டில் இறங்கும். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு அதன் இணை உண்டதில் கால்பங்கு குறைத்து வாழ்நாள் முழுதும் ஊட்டிப் பார்த்தனர். 2002இல் வெளியான முடிவின்படி, நிறைய உண்டவற்றின் நடுவாயுள் 11.2 ஆண்டு, குறைய உண்டவற்றிற்கு 13 ஆண்டு. இடுப்பு மூட்டுத் தேய்வும் பின்னவற்றிற்குக் குறைவாகவும் பிந்தியும் வந்தது. அவமோதரியத்தின் பயனை அறிந்த நமக்கு இது வியப்பன்று. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்கு உறுத்தித் தெரியலாகாது. அந்த அளவை நோக்கி உணவைக் குறைப்பது 'உணவு தடுத்தல்' ஆகாது. பிஸ்கட்டும் முறுக்கும் தந்து அன்பைக் காட்டும் பெரியவர்கள் இதனைப் பொறுத்தருள்க.

புலால் இல்லாத அடுக்களையில் நாயைப் பேணலாகுமோ என்பர் சிலர். பூனைக்கு அது கடினம்; வளர்ந்த நாய்க்கு இயலும். ஆயினும் பால்சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே ஊட்டி, தருமம் என்று சொல்லிக்கொள்வது தகாது. காயம் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும். பனீர், நன்கு வெந்த பயறு, சோயா முதலியவற்றைச் சேர்ப்பதோடு, தாதுக்களும் வைட்டமின்களும் நிறைவுற்ற உணவுத்திட்டத்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறல் வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் செங்குருதி அணுக்களை அழிப்பவை. அவற்றை விலக்கிய இல்லங்களில் அக்கவலை இல்லை. திராட்சையும் சாக்லேட்டும் அவ்வாறே நாய்க்கு நஞ்சு.

தெருநாயைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. அடிபட்ட நாயைத் தூக்கிச் சென்று, பொருள் செலவிட்டு அறுவை செய்வித்து, பத்தாம் நாள் பழைய வாயிலிலேயே விட்டுவரும் நல்லோர் உள்ளனர். அவ்விடத்து அதற்குத் தரையும் இல்லை, கயிறும் இல்லை, மெல்ல நடத்துவாரும் இல்லை. ஒட்டாத எலும்போடு அது மீண்டும் சாலையைக் கடக்கிறது. எட்டு வாரம் வைத்துக் காக்க ஒரு வீட்டை உறுதிசெய்த பின்னரே இத்தகைய அறுவைக்கு முற்படுதல் வேண்டும். அன்றேல் வேறு மருத்துவ வழி உண்டா என்று கேட்டறிய வேண்டும். சிந்தாமணியில் சீவகன் அடியுண்டு இறக்கும் நாயின் செவியில் பஞ்ச மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் இயக்கனாயிற்று. அந்நாயை எழுப்பி நடத்த அவனுக்கு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு, அண்மை ஆண்டுகளில் நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையிலும் ஒரு கல்லூரி தொடங்கப்பெற்றுள்ளது. நாலைந்து குடும்பங்கள் கூடினால், பகல் ஷிப்டில் இருப்பவர் வீட்டில் இரவும் பிறர் வீட்டில் பகலுமாக ஒரு நாயை எட்டு வாரம் காப்பது இயலாததன்று.

எட்டாம் வாரம் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கூடியதை மருத்துவர் கண்ணால் கண்டு சொன்ன பின்னரே கயிற்றை நீளமாக்குக. அவிழ்த்துவிடுவதும் ஒரே நாளில் வேண்டா. முதலில் மதில் சூழ்ந்த முற்றத்தில் ஐந்து நிமிடம், வேறு நாய் உடனில்லாத வேளையில். ஒரு முழங்காலில் நார் அறுந்த நாய்களுள் பத்தில் நான்கைந்துக்குச் சில ஆண்டுகளில் மறுகாலிலும் அது அறுகிறது. ஆகவே தரைவிரிப்புகளைச் சுருட்டிப் பரணில் போட வேண்டா. உணவின் அளவையும் பழையபடி கூட்ட வேண்டா. தொடையளவு குறித்த தாளில் மறுதொடைக்கும் ஒரு பத்தி வைத்துக்கொள்க.